வேன் நின்ற இடம்

ஆவணி 25, வியாழன்

காலையில் சிறுமுகையில் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் டீசல் போட்டுக்கொண்டு கோத்தகிரி மலை ஏறினேன். வண்டி முனகாமல் ஏறியது. நாற்பது வருஷம் இதே மலையில் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன். எந்த வளைவில் எந்த கியர் என்று கைக்கே தெரியும்.

எனக்கு எழுத்து தெரியாது. இந்தப் போனில் பேசினால் அது எழுதிக்கொள்ளும். கேட்டால் திரும்ப வாசித்தும் காட்டும். என் தங்கச்சி மயிலாத்தாளின் மகள் வினோதினி போன தீபாவளிக்குப் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் இதற்குப் புரிவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேச வேண்டும். அதுவும் நல்லதுதான். அப்படிப் பேசும்போது கெட்ட வார்த்தை வருவதில்லை.

இந்த வேனில் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டேன். ஒரு பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் டிரம், சாமான் வைக்க மேலே ஒரு தட்டு. தெருப் பிள்ளைகள் ‘பெருசோட கேரவன்’ என்கிறார்கள். சினிமாக்காரன் கேரவனில் மேக்கப் போடுவான். நான் சோறு பொங்குகிறேன்.

எதற்கு வந்தேன் என்றால், மலை பார்க்கத்தான். இத்தனை வருஷம் ஜனங்களைக் காட்சி முனையில் இறக்கிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். டிரைவர் நகர்ந்தால் குரங்கு பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். “டிரைவர், அங்கேருந்து என்ன தெரியும்?” என்று கேட்பார்கள். “மைசூர் வரைக்கும் தெரியுமுங்க” என்பேன். நான் பார்த்ததே கிடையாது. போய்விட்டு வந்து, “ஆமா டிரைவர், மைசூர் நல்லாத் தெரிஞ்சுது” என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வினோதினிக்குக் கல்யாணம். நான் போகவில்லை. அழைக்காத இடத்துக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. ஊரில் இருந்தால் நாலு பேர் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். மலையில் இருந்தால் கேட்க ஆளில்லை.

கோத்தகிரி தாண்டி ஒரு மரக்கடை ஓரம் நிறுத்தியிருக்கிறேன். சமதளம். போனில் சிக்னல் நாலு கோடும் நிற்கிறது.

மேல் தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. இறக்கி வைக்க மறந்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆவணி 26, வெள்ளி

கோடநாடு காட்சி முனைக்குப் போனேன். முதல் தடவையாக வண்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கம்பி வேலி வரைக்கும் நடந்தேன். வெள்ளையாக ஒரே மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு புது ஜோடி. அந்தப் பையன், “ஐயா, பனி விலகுனா என்ன தெரியும்?” என்று கேட்டான். “மைசூர்” என்றேன். பழக்கம்.

கேரட் விற்கிற பெண்ணிடம் ஒரு கட்டு வாங்கித் தின்றுகொண்டே, எஸ்டேட்டுக்குக் கீழே ஒரு பழைய தண்ணீர்த் தேக்கம் இருந்தது ஞாபகம் வந்து அங்கே இறங்கினேன். ஒரு தடவை அங்கே வண்டி சூடாகி நின்றபோது ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொண்டிருக்கிறேன். அந்தப் பாறை, அந்த வளைந்த மரம், எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

கரையில் ஒரு கிழவி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பனிக்கும் தூறலுக்கும் கொங்காடியாக மடித்துத் தலையில் கவிழ்த்த சாக்கு. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ரிட்டையர் ஆனவளாம், பெயர் ராக்கம்மா. நானும் என் தூண்டிலை எடுத்தேன். மண்புழுவைக் கோத்து எறிந்தேன். தக்கை அசையாமல் நின்றது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். கோடு ஒன்றுகூட இல்லை. மேலே மோட்டார் ரூம் வரைக்கும் ஏறிப் பார்த்தேன். அங்கே இரண்டு கோடு வந்தது. இறங்கி வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மரத்துப் போனதால் மறுபடி ஒரு நடை ஏறிவிட்டு வந்தேன்.

“ஐயா, நீங்க தூண்டில்ல மீன் புடிக்கிறீங்களா, போன்ல புடிக்கிறீங்களா?” என்றாள்.

“மழை வருமான்னு போன்ல பாத்தேன்.”

“அதுக்கு எதுக்குய்யா போனு? அண்ணாந்து பாத்தா தெரியுது.”

வாய் ஜாஸ்தி.

இந்த அழைப்பு விஷயத்தைச் சொல்லி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நான் என் மகன் பூபதி வீட்டு வாசலில் வேனை நிறுத்தி அதில் இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மருமகள் கலாமணி ஏதோ தியான மண்டபத்துக்குப் போக ஆரம்பித்தாள். மீன் சட்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னாள். சட்டி வராத வீட்டில் எனக்கும் வேலை இல்லை என்று சட்டியோடு வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தனி உலை. தனி உலை என்றால் தனிக் குடும்பம். தனிக் குடும்பத்துக்குத் தனித் தட்டு வைத்து அழைக்க வேண்டும். இது நான் உண்டாக்கிய சட்டம் இல்லை.

மயிலாத்தாள் ஆடி முடிந்ததும் மச்சானைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை. நேராக வீட்டுக்குள் போனாள். பூபதியையும் கலாமணியையும் நிற்க வைத்துத் தட்டைக் கொடுத்தாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே வேன் பக்கம் திரும்பி, “அண்ணா, முன்னாடியே வந்துருங்க” என்றாள். நான் “ம்” என்றேன்.

அது அழைப்பா? தாய்மாமன் நான். வினோதினியை மடியில் வைத்துக் காது குத்தியவன். பெரியவளானபோது ஓலை வெட்டிக் குடிசை கட்டியவன். ஞாயிற்றுக்கிழமை மணவறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போய் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன். தங்கச்சி செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போகிறாள்.

பூபதியிடம் சொன்னதற்கு, “ஏப்பா, வேனுக்கெல்லாம் ஆரு பத்திரிக்க வெப்பாங்க? நம்பர் பிளேட்டுக்குப் பொட்டு வெச்சுட்டுப் போகச் சொல்லட்டுமா?” என்று சிரித்தான். கலாமணி சிரிக்கவில்லை. அவள் எதற்கும் சிரிக்க மாட்டாள்.

தங்கச்சியிடம் நான் வாய் திறக்கவில்லை. கேட்டு வாங்குவது அழைப்பில் சேர்த்தி இல்லை.

போனிலும் அழைக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கச்சியின் மூத்த மகள் குழந்தைக்குக் காதுகுத்து என்று மச்சான் போனில் கூப்பிட்டார். “போன்ல கூப்பிட்டா வர்றதுக்கு நான் என்ன சமையக்காரனா?” என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன். தறி நிறுத்திவிட்டு ஜனம் வந்து பார்த்தது. போகவும் இல்லை. அதற்கப்புறம் எங்கள் வகையறாவில் யாரும் யாரையும் போனில் அழைப்பதில்லை. அந்த ஒழுங்கு என்னால் வந்தது.

ஆவணி 27, சனி

ஒரு சின்ன ஜிலேபி மீன் கிடைத்தது. நேற்றுப் பொழுதோடு கிடைத்ததைப் போலவே இதையும் ராக்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

“நீங்க தின்னலையா?”

“சின்னது.”

“நேத்து கெடச்சதும் சின்னதுன்னு சொன்னீங்க. அது என் கை நீளம் இருந்துச்சு.”

மீன் தின்று பதினைந்து நாள் இருக்கும். கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் நட்டுவிட்டால் மாமன் வீட்டிலும் கவிச்சி சேர்ப்பதில்லை. நான் அதற்காக விடவில்லை. சந்தையில் நல்ல மீன் வரவில்லை. நாளைக்குத் தின்பேன். நாளைக்கு முகூர்த்த நேரத்திலேயே குழம்பு கொதிக்கும். மாமன் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். மாமனுக்கு மட்டும் எதற்கு விரதம்?

பொழுது சாயும்போது நல்ல மழை. மோட்டார் ரூம் பக்கத்திலேயே வேனை ஏற்றி நிறுத்தினேன். கரையோரம் சேறாகும் என்பதால்.

கூரையில் ஒரு இடத்தில் சொட்டுகிறது. சரியாக அந்தப் பெட்டிக்கு மேலே. இறக்கித் திறந்து பார்த்தேன். நனையவில்லை. மயில்கழுத்து நிறத்தில் சாஃப்ட் சில்க். சிறுமுகைத் தறியில் ஆனி மாசமே சொல்லி நெய்தது. மாமன் எடுக்கிற புடவை. வினோதினியே சாயம் தோய்த்த நூலைத் தொட்டுப் பார்த்து, “மாமா, இந்தக் கலருதான், வேற எடுத்தீங்கன்னா கட்டமாட்டேன்” என்று சொன்னாள். அது ஆனி மாசம். இப்போது ஆவணி.

பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு நான் டிரைவர் சீட்டில் சாய்ந்துகொண்டேன். இடுப்பு வலிக்கிறது.

போன் சார்ஜ் முழுசாக இருக்கிறது. வேலை செய்கிறதா என்று மரக்கடைக்காரனிடம் வாங்கி வைத்திருந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே மணி அடிக்கிறது. எடுத்து “என்னங்க?” என்றான். “ஒன்றுமில்லை” என்று வைத்துவிட்டேன்.

ஆவணி 28, ஞாயிறு

விடியும்போதே விழிப்பு. மழை விட்டிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்தேன். வெள்ளை வேட்டிதான் துவைத்ததாக இருந்தது, அதைக் கட்டிக்கொண்டேன். வேனை எடுத்துக்கொண்டு மறுபடியும் காட்சி முனைக்குப் போனேன்.

இன்றைக்குப் பனி ஒரு பொட்டு இல்லை. இத்தனை வருஷம் மைசூர் மைசூர் என்று சொன்னேனே, மைசூர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நேர் கீழே மாயாறு ஒரு நூல் மாதிரி கிடந்தது. அதைத் தாண்டி பவானிசாகர் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. அந்தத் தண்ணீரின் மேற்கு முனையைப் பிடித்துக்கொண்டு கண்ணை நகர்த்தினால் எங்கள் ஊர்ப்பக்கம். புகைபோக்கி ஒன்று, தென்னந்தோப்புக் கறுப்பு, வெள்ளைப் புள்ளி புள்ளியாகக் கட்டடம். அதில் எது கல்யாண மண்டபம் என்று பார்க்கவில்லை. மண்டபத்துக்குப் பச்சைத் தகரக் கூரை. அங்கிருந்து தெரியாது.

முகூர்த்தம் ஏழரைக்கு மேல். ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. அதன் டிரைவர் இறங்காமல் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தான். “போய்ப் பாரு தம்பி, நான் வண்டியப் பாத்துக்கறேன்” என்றேன். “வேண்டாங்க, என்ன இருக்குது அங்க, எல்லாம் மலதான்” என்றான்.

திரும்பும்போது போன் ஒரு சத்தம் போட்டது. எடுப்பதற்குள் கை வழுக்கி மடியில் விழுந்தது. அழைப்பு இல்லை, படம். பூபதி அனுப்பியது. வினோதினி அரக்குப் புடவையில் நிற்கிறாள். அவளுக்கு அரக்கு எடுபடாது. பக்கத்தில் பூபதி. தலையில் உருமால் கட்டி, பட்டு வேட்டி உடுத்து, அவள் கையைப் பிடித்திருக்கிறான். அவள் நெற்றியில் பட்டம். மாமன் இல்லாவிட்டால் மாமன் மகன் நிற்கலாம். முறைதான். மாமன் செத்துப் போயிருந்தால் அப்படித்தான் செய்வார்கள்.

உருமாலைக் கோணலாகக் கட்டியிருந்தான். படத்தை மூடிவிட்டேன்.

தேக்கத்துக்கு வந்து தூண்டில் போட்டேன். ராக்கம்மா என் வேட்டியைப் பார்த்தாள்.

“என்னய்யா, மீனுக்குக் கல்யாணமா?”

கேழ்வரகு மாவை உருட்டிக் கோத்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தக்கை ஒரே இழுப்பாக உள்ளே போனது. கண்ணாடிக் கெண்டை. இழுத்துப் போடுவதற்குள் வேட்டியெல்லாம் சேறு. ராக்கம்மா ஓடி வந்து செவுளில் விரல் விட்டுத் தூக்கினாள். ரெண்டு கிலோவுக்குக் குறையாது.

“இதுவும் சின்னதாய்யா?” என்றாள்.

“இதைத் தின்பேன்” என்றேன்.

வாளியில் தண்ணீர் பிடித்து அதை உயிரோடு விட்டேன். அடுப்பு வேனில் இருக்கிறது, வேன் மேலே மோட்டார் ரூம் பக்கத்தில் இருக்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மசாலா அரைத்து வைத்தேன். புளி கரைத்தேன். அரிவாள்மனையைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது.

மயிலாத்தாள்.

“எங்கண்ணா இருக்கறீங்க?”

“மலையில.”

“மலையிலயா? எதுக்குங்?”

“பாக்கறதுக்கு.”

அந்தப் பக்கம் எவர்சில்வர் தட்டு அடுக்குகிற சத்தம். யாரோ சாம்பார் வாளி கேட்டார்கள். அவள் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினாள்.

“நேத்துப் பொழுதோட வந்தேன்ணா. வேனுக்கு.”

அரிவாள்மனையைத் தேடுவதை விட்டேன்.

“கலாமணிதான் மண்டபத்துக்கு வந்து தனியாக் கூப்பிட்டுச் சொன்னா. ‘மாமாவுக்குத் தனி அடுப்புங்கத்தே, தனியா வெச்சாத்தான் அவருக்கு மனசு ஆறும், வாயத் தொறந்து கேக்க மாட்டாரு’ன்னு. அப்பவே தட்டு எடுத்து, தேங்கா பழம், உங்களுக்கு வேட்டி துண்டு, எல்லாம் வெச்சு, அவரையும் இழுத்துட்டு மழையில வந்தேன். வந்தா வேனைக் காணம். வேன் நின்ன எடந்தான் இருந்துச்சு.”

“ஒரு போனு போட்டிருக்கலாமல்லொ அம்மிணி?”

“போடலாமாண்ணா?” என்றாள். “போன்ல கூப்பிட்டா வர்றதுக்கு நான் என்ன சமையக்காரனான்னு நடுவீதியில நின்னு கேட்டீங்களே. ஊரே பாத்துச்சு. நம்பர அமுக்கி அமுக்கி வெச்சேன். போன்ல கூப்பிட்டு, அதுக்கும் நீங்க கோவிச்சுட்டு மொகூர்த்தத்தன்னிக்கு எதாச்சும் பேசிட்டா எம்புள்ள தாங்குமா?”

“சரி.”

“இருட்டுற வரைக்கும் கொடையப் புடிச்சுட்டு நின்னோம். மீனு வாங்கப் போயிருப்பாருன்னாரு உங்க மச்சான். ‘முகூர்த்தக்கால் நட்டதுக்கப்புறம் எங்கண்ணன் கவிச்சியத் தொட மாட்டாரு, நீங்க சும்மா இருங்க’ன்னு அவரத்தான் வஞ்சேன்.”

வாளிக்குள் மீன் வாலால் ஒரு அடி அடித்தது. தண்ணீர் என் பாதத்தில் தெறித்தது.

“பட்டம் ஆரு கட்டுனது?” என்று கேட்டேன். பார்த்ததுதான். இருந்தாலும் கேட்டேன்.

“பூபதி. நல்லாத்தான் கட்டுனான். ஒரு கொறையும் இல்லீங்ணா.”

“புள்ளகிட்டக் குடு.”

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம். அப்புறம் திரும்பவும் மயிலாத்தாள்தான்.

“அவ வாங்கமாட்டேங்கறா.”

“சரி, வேலையப் பாரு” என்றேன். “தட்டு என்னாச்சு?”

“எடுத்துட்டுப் போறதுக்கு மனசு வரல. வேன் நின்ன எடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன்.”

பேசி முடித்த பிறகு வெகுநேரம் தேடி அரிவாள்மனையை எடுத்தேன். வாளியைப் பார்த்தபோது மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. பெரிய மீனுக்கு அந்த வாளி போதாது. ராக்கம்மா தன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தாள்.

“போன்ல போட்டீங்களே, அது கடிச்சுதா?”

“கடிச்சது” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தானே உட்கார்ந்து மீனை உரசிக் கழுவிக் கொடுத்தாள். குழம்பு வைத்தேன். அவளுக்கு ஒரு சட்டி ஊற்றினேன். முகூர்த்தம் முடிந்துவிட்டது, இனி யாருக்கும் விரதம் இல்லை. தின்றேன். மண் வாடை. தேக்கத்து மீன் அப்படித்தான்.

ஆவணி 29, திங்கள்

இறக்கத்தில் பிரேக் சூடாகிவிட்டது. பர்லியாறு வழியாக இறங்கும் இன்னொரு ரோட்டில் வந்திருந்தால் நிறுத்த இடம் இருந்திருக்கும். கோத்தகிரி ரோட்டில் இல்லை. மெதுவாக வந்தேன்.

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். கேட் திறந்திருந்தது. மழையில் வாசல் முழுக்க ஈரம். ஆயில் சொட்டிக் கறுத்த அந்த நீள மண்ணுக்கு நடுவில் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. மேலே கல். கோழி கிளறாமல் இருக்கக் கலாமணி மூடியிருக்கிறாள். தூக்கிப் பார்த்தேன். வெற்றிலை பழுத்துவிட்டது. வாழைப்பழம் கறுத்துவிட்டது. வேட்டியில் மழை பட்டு மஞ்சள் ஊறியிருக்கிறது. பத்திரிகையில் நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் ஏதோ பேனாவால் எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்த பத்திரிகையிலும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். அது பூபதி பெயர். இது என் பெயராக இருக்கும். மூடி வைத்துவிட்டேன்.

பூபதி வாசலில் வந்து நின்றான். நெற்றியில் இன்னும் கல்யாணச் சந்தனம்.

“தட்ட எடுத்துட்டு வண்டிய உள்ள உடுங்கப்பா. அதா வெச்சுட்டாங்கல்ல, இன்னும் என்ன?”

“கல்யாணம் எப்பொ?” என்று கேட்டேன்.

அவன் உள்ளே போய்விட்டான்.

கலாமணி வேன் கதவுப் பக்கம் வந்தாள். கையில் ஒரு டம்ளர் மோர். “அந்தப் பெட்டிய எறக்கிக் குடுங்க மாமா. மறுவீட்டுக்கு வர்றப்ப அவகிட்ட நான் குடுத்தர்றேன்.” பெட்டி விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. “மறந்து ஏத்துனது, அங்கயே இருக்கட்டும்” என்றேன். மோரைக் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

வேனை உள்ளே விடவில்லை. விட வேண்டும் என்றால் அந்தத் தட்டை எடுக்க வேண்டும். தெருவிலேயே நிறுத்தியிருக்கிறேன். இங்கே காற்று நன்றாக வருகிறது.